தண்ணீரில் நின்ற மரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூர்வகுடி மக்களின் இடப்பெயர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஒரு குறை மட்டும் உண்டு. ஐரோப்பிய மொழியில் இருந்தால் காலனியப் பெயர், இல்லாவிட்டால் பூர்வகுடிப் பெயர் என்று எல்லாவற்றையும் இரண்டே கூடைகளில் போட்டுவிட்டார் கட்டுரையாளர். டொரான்டோவை இரண்டாவது கூடையில் பார்த்ததும் உறுத்தியது.

'தண்ணீரில் மரங்கள் நிற்கும் இடம்' என்ற பொருளில், மோஹாக் என்ற பூர்வகுடி மக்களின் சொல்லிலிருந்து வந்த பெயர் என்கிறார். சரிதான். ஆனால் அவை என்ன மரங்கள்? மீனை மடக்குவதற்காக நீரோட்டத்தின் குறுக்கே வரிசையாக அடித்த கழிகள். 4,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. சில இன்னும் சேற்றுக்குள் செருகியபடியே இருக்கின்றன. அவை இருப்பதோ டொரான்டோவில் அல்ல, நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, இரண்டு ஏரிகள் சேரும் குறுகிய கால்வாயில்!

அந்த இரண்டில் பெரிய ஏரிக்கு 1680களின் பிரெஞ்சு வரைபடங்களில் 'தாரொன்தோ ஏரி' என்றே பெயர். பிறகு அங்கிருந்து தெற்கே செல்லும் வழிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வழி முடியும் ஒன்டாரியோ ஏரிக்கரையில் 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டைக்கும் அதுவே வந்தது. 1793இல் அதே கரையில் ஊர் அமைத்த பிரிட்டிஷ் ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, இங்கிலாந்து அரசரின் மகனான யார்க் கோமகனை நினைத்து அதற்கு 'யார்க்' என்று பெயர் வைத்தார். வடக்கே இருந்த ஏரிக்குத் தன் அப்பாவின் பெயரைச் சூட்டினார். 1834இல் யார்க் மீண்டும் டொரான்டோ ஆயிற்று. கழிகள் நிற்கும் ஏரி மட்டும் இன்றுவரை சிம்கோ ஏரிதான். சொல் மோஹாக்குடையது, அது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். இதை எந்தக் கூடையில் போடுவது?

கனடாவின் கதையும் இதேதான். பூர்வகுடி மொழியில் 'கனாட்டா' என்றால் குடியிருப்பு. ஒரு குடியிருப்பைக் காட்டிச் சொன்ன அந்தச் சொல்லை 1535இல் ழாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமி ஒரு பெரும் பகுதிக்கே பெயராக எடுத்துக்கொண்டார். இன்று அது ஏறக்குறைய ஒரு கோடி சதுர கிலோமீட்டருக்குப் பெயர்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் உலூரு என்ற பெரும் பாறைக்கும் கட்டுரையில் ஓர் அர்த்தம் கொடுத்திருக்கிறார். அந்தப் பாறைக்கு உரிய அனங்கு மக்களின் மொழியில் அது வெறும் தனிப்பெயர். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால், யாராவது ஒன்றைச் சொல்லித்தான் வைப்பார்கள். 1873இல் அதற்கு 'ஏயர்ஸ் பாறை' என்று பெயரிட்டபோது யாரும் இப்படி அர்த்தம் கேட்கவில்லை.

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிய ஹைடா குவாய் தீவுகளை '2010இல் பெயர் மாற்றப்பட்டது' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அது வெறும் பெயர் மாற்றம் அல்ல. பழைய பெயரான 'குயின் சார்லட் தீவுகள்', 1787இல் அங்கே வந்த 'குயின் சார்லட்' என்ற வணிகக் கப்பலின் பெயரால் வந்தது. ஹைடா மக்கள் அந்தப் பெயரை, ஒரே பலகையை ஆவியில் வளைத்துச் செய்யும் தங்கள் மரபுப் பெட்டியில் வைத்து, விழா எடுத்து மாகாண அரசிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பெட்டியைப் பற்றி அடுத்த இதழில் நாலு வரியாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்