உன் பொஸ்னியக்காரரும் எங்கள் கோட்டை வாசலும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பஸ் நிலையத்தில் போனைத் தொலைத்துவிட்டு, பொலிஸில் முறைப்பாடு அது இது என்று அலைந்ததில் பதில் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. எனக்குச் சீனி கொஞ்சம் கூட, அதைவிட்டால் சுகம்தான்.

"சண்டை முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டதே, இன்னும் என்னடா பயம்?" என்று கேட்டிருந்தாய். அந்த முறைப்பாட்டுக் கதையையே சொல்கிறேன், கேள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அங்கே இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். நல்ல மனுசன்தான், கதிரை இழுத்துப் போட்டார், தண்ணீர்கூடத் தந்தார். எழுதி முடித்துக் கையெழுத்துக்குத் தாளை நீட்டியபோது பார்த்தால், பக்கம் நிறைய எழுத்து, அதில் எனக்கு விளங்கியது என் அடையாள அட்டை இலக்கம் மட்டும். வைத்தேன், வேறென்ன செய்ய. தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. போன் விசயம் என்பதால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட எத்தனை பெடியன்கள், தங்களால் வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் இப்படிக் கையெழுத்து வைத்து வருடக்கணக்காக உள்ளே கிடந்தார்கள் என்பது உனக்கும் தெரியும்.

உன் பக்கத்து வீட்டு பொஸ்னியக்காரரைப் பற்றி நீ எழுதியதிலிருந்து பொஸ்னியாவைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கிறேன். 1992 முதல் 1995 வரை மூன்று தரப்பாக நின்று சுட்டுக்கொண்டவர்கள், ஏறக்குறைய ஒரு இலட்சம் பேரைப் பறிகொடுத்தவர்கள். சண்டையை நிறுத்திய டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகும் பத்து வருடம் தனித்தனிப் படைதான். 2006 ஜனவரி முதல் ஒரே படை. அதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது: போஸ்னியாக் (அங்கத்தைய முஸ்லிம்கள்), சேர்பியர், குரோவாசியர் மூவருக்கும் தனித்தனி ரெஜிமென்ட், பழைய அடையாளமெல்லாம் அதில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள், ஆனால் களத்தில் இயங்கும் பிரிகேட் ஒவ்வொன்றிலும் மூன்று தரப்புப் பட்டாலியனும் கலந்திருக்கும். ஆளின் பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு வேலையைக் கலந்துவிட்டார்கள், கெட்டிக்காரத்தனம்தானே? வெளிநாட்டார் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதும் நேட்டோ ஆசை காட்டியதும் இல்லாவிட்டால் நடந்திராது, அதுவும் உண்மை. அதே நாட்டில் இன்றைக்கும் ஒரே கூரையின்கீழ் இரண்டு பள்ளிக்கூடம், குரோவாசியப் பிள்ளைக்கு வேறு, போஸ்னியாக் பிள்ளைக்கு வேறு. ஆமி சேர்ந்த அளவுக்குப் பள்ளிக்கூடம் சேரவில்லை.

ஒன்று கவனித்தாயா, அவர்கள் என்னதான் மூன்று மொழி என்று பெயர் வைத்தாலும், ஒருவர் பேசினால் மற்றவருக்கு விளங்கும். எங்களுக்கு அதுவும் இல்லை. இலங்கையில் நடந்தது புலிகள் என்ற ஒரு தரப்பு அழிந்து முடிந்த யுத்தம், இங்கே கலப்பதற்கு இரண்டாவது படை கிடையாது. இருக்கிற படையில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். 2012இல் கிளிநொச்சியில் நூறு தமிழ்ப் பெண்பிள்ளைகள் அளவில் ஆமியில் சேர்த்தார்கள், அதற்கே எவ்வளவு சர்ச்சை! ஆமியின் ஆள்தொகையைக் குறைக்கப் போவதாக 2023இல் அறிவித்தார்கள், 2030க்குள் ஒரு இலட்சமாக்குவோம் என்று. நல்லது. ஆனால் ஆளைக் குறைத்தால் மட்டும் என் தாள் தமிழில் வந்துவிடுமா? மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதியது இன்னும் எழுத்தில்தான் இருக்கிறது, 2017க்குப் பிறகு இங்கே மாகாண சபையே கூடவில்லை.

அக்கா சம்பூருக்குத் திரும்பினா என்று முன்பே எழுதினேன் அல்லவா? 2006இல் ஓடியவ, பத்து வருடம் முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் கிடந்து, 2016இல் நேவி விட்டுப்போன காணிக்குள் போனபோது கிணறு தூர்ந்து, மதில் இருந்த இடத்தில் கள்ளிப் பற்றை. முதல் வேலையாகக் கிணற்றை இறைத்தா.

போன வெள்ளி திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற கோணேஸ்வரம் கோயிலுக்குப் போனேன். கோட்டை வாசலில் வழக்கம்போல ஆமி. மான் ஒன்று வாழைப்பழத் தோலுக்காக ஒரு பெடியனின் துவக்குப் பட்டியை மோந்துகொண்டு நின்றது. இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், சண்டை முடியும்போது பாலர் வகுப்பில் இருந்திருப்பான். "பூசை முடிஞ்சுது ஐயா, கெதியா போங்க" என்றான், தமிழில், கொஞ்சம் கொச்சையாக. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கை அடையாள அட்டைக்காகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டு மானைத் தடவப் போய்விட்டான்.

உன் அயலவரிடம் கேட்டு எழுது, ஊருக்குப் போனபோது சீருடையைக் கண்டு அவருடைய கையும் இப்படிப் போனதா என்று. அப்புறம், வரும்போது சீனி பார்க்கிற மெசினுக்கு ஸ்ட்ரிப் இரண்டு பெட்டி கொண்டு வா, இங்கே விலை தாங்க முடியவில்லை.

உன்,
பழைய வாங்குத் தோழன்