பாடத்திட்டக் கூட்டத்துக்கு நூலகரையும் கூப்பிடுங்கள்

சேலம் வட்டாரக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கல்லூரி நூலகர். போன பருவத்தில் புள்ளியியல் தாளுக்குக் குறித்திருந்த பாடநூல் எங்களிடம் 2 பிரதிகள்தான் இருந்தன. வகுப்பிலோ 60 பேர். ஏற்காட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மூன்று நாள் தொடர்ந்து கேட்டாள். மூன்று நாளும் புத்தகம் வெளியே போயிருந்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு சேர வேண்டிய பிள்ளையிடம், இருட்டும் வரை காத்திருந்து படி என்று எப்படிச் சொல்வது? கடைசியில் கைடு வாங்கித்தான் பரீட்சை எழுதினாள்.

அதே பாடத்துக்குத் திறந்த உரிமத்தில், அதாவது யாரும் பிரதி எடுத்துப் பகிரலாம் என்ற அனுமதியோடு, நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் பாடநூல்களை வெளியிடுகிறது. நம் ஐஐடிகளின் என்பிடெல் இணையவழிப் பாடங்களும் இருக்கின்றன. ஆனால் பாடத்திட்டத்தின் பார்வை நூல் பட்டியலில் இல்லாத எதையும் மாணவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கேள்வித்தாள் அந்தப் பட்டியலிலிருந்துதானே வருகிறது?

இணையத்தில் சும்மா கிடைக்கும் பிடிஎஃப் எல்லாம் திறந்த வளம் ஆகிவிடாது. பல திருட்டுப் பிரதிகள். திறந்த வளம் என்றால் பிரதி எடுக்கவும் பகிரவும் உரிமையாளரே எழுதிக் கொடுத்திருப்பார். பெரும்பாலும் மாற்றி எழுதவும் அனுமதி உண்டு, மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இதுதான் பெரிய விஷயம். அமெரிக்கப் புத்தகத்தில் வரும் பேஸ்பால் கணக்கை எடுத்துவிட்டு, நம் சேலத்து ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஏலத்தில் ஜவ்வரிசி மூட்டை போன விலையை வைத்துச் சராசரி சொல்லிக் கொடுக்கலாம். தமிழ்வழி மாணவர்களுக்கு ஒரு அத்தியாயத்தை மொழிபெயர்த்தே கொடுக்கலாம். கடையில் வாங்கும் புத்தகத்தில் இதற்கெல்லாம் வழியில்லை. யுனெஸ்கோவும் 2019-இல் திறந்த கல்வி வளங்களுக்கென்றே ஒரு பரிந்துரையை ஏற்றிருக்கிறது.

தேடி எடுப்பது, உரிமத்தைச் சரிபார்ப்பது, எந்த அலகுக்கு எந்த அத்தியாயம் என்று பிரிப்பது எல்லாம் எங்கள் வேலை. செய்து தருகிறோம். தரம் போதுமா என்று நீங்கள் பாருங்கள், போதாதென்றால் தள்ளிவிடுங்கள். ஆனால் பட்டியல் அச்சாகி வந்த பிறகு, "இதையெல்லாம் வாங்கி வையுங்கள்" என்று எங்களுக்கு அனுப்பினால் நாங்கள் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பட்டியல் போடும் அன்றே எங்களையும் உட்கார வையுங்கள்.

புள்ளியியல் தாளின் 5 அலகுகளுக்கும் பட்டியல் தயார். தேதி சொன்னால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
சேலத்துக் கல்லூரி நூலகர் ஒருவர்