கடைப் படி வரை வந்துவிட்ட வரிசை

பாலக்காடு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு.

தையல் கடை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பக்கத்துக் கட்டடத்துக்கு மதுக்கடை வந்ததிலிருந்து ஆள் வரத்துக் குறைந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரிசை என் கடைப் படி வரை வந்துவிடும். படியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், குறுக்கே பைக் நிற்கும். போன வாரம் சுரிதார் வாங்க வந்த ஒரு காலேஜ் பெண், எதிர்ப்பக்கம் நின்றே போன் செய்தாள். "அக்கா, கவரை இங்க கொண்டு வந்து தர்றீங்களா?" கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க மனசே சரியில்லை.

வரிசையில் நிற்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, செல்வி. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே நிற்கிறார்கள் சிலர். மழை பெய்தாலும் ரோட்டில்தான். ஜவுளிக்கடைக்கு இப்படி யாராவது ரோட்டில் நிற்கிறார்களா? ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மற்றதெல்லாம் தெருவின் பாடு என்று விட்டால் எப்படி?

திருச்சூரில் என்னைப் போல ஒரு கடைக்காரர் இதற்காகவே வழக்குப் போட்டிருக்கிறார். 2017லேயே கேரள உயர் நீதிமன்றம் சரிசெய்யச் சொல்லியும் தொல்லை தீராமல், 2021ல் அவமதிப்பு வழக்கு வரை போனது. அப்போது கொரோனா கட்டுப்பாடு. கல்யாணத்துக்கு 20 பேர்தான், மதுக்கடை முன்னால் மட்டும் இவ்வளவு கூட்டமா என்று நீதிமன்றம் கேட்டது. மற்ற கடைகளைப் போல உள்ளே போய் வாங்குகிற மாதிரி மாற்ற வேண்டும் என்றும் சொன்னது. சில ஊர்களில் மாறியும் இருக்கிறது. எங்கள் தெருவுக்கும் அதைத்தான் கேட்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். கடையை மூடச் சொல்லவில்லை, வரிசையை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினோம்.

அப்புறம், உன் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் நான்தான் தைப்பேன். அவளுடைய அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு நீயே வா. மாதக் கடைசி நாளில் மட்டும் வந்துவிடாதே, அன்று வரிசை இரண்டு மடங்கு. மறுநாள் ஒன்றாம் தேதி இங்கே மதுக்கடைக்கு விடுமுறை. அன்றைக்கு வந்தால் கடைப் படியிலேயே உட்கார்ந்து பேசலாம்.

உன்,
மீனா