உன் வலப்பக்கம் யார்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது முன்கை வீங்கிக் கிடந்ததால் பேனா பிடிக்க முடியவில்லை. எப்படி வீங்கியது என்று உனக்கே தெரியும்.

கவசம் மாட்டி, இடைக்கால வீரர்கள்போல விளையாட்டாகச் சண்டை போடும் படைகளில் எதில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். நீ வீடியோவில் பார்த்தது பூஹர்ட் என்ற வகை. முனை மழுங்கிய இரும்பு வாள், கோடரி. இரண்டு பாதம் போக உடம்பில் மூன்றாவதாக எது தரையைத் தொட்டாலும் நீ அவுட். பாதி மல்யுத்தம்தான். உன் முழங்காலோடு அந்தப் பக்கம் போகாதே.

நான் இருப்பது எஸ்.சி.ஏ. என்ற இடைக்கால வேடச் சங்கம். 1966-ல் கலிஃபோர்னியாவில், பெர்க்லியில் ஒரு வீட்டுப் புழக்கடை விருந்தில் ஆரம்பித்த கூத்து. கவசம் நிஜம், வாள் பிரம்பு. (வாத்தியார் ஞாபகம் வருகிறதா? இது அதைவிடத் தடிமன், ஒன்றேகால் அங்குலம்.) அடி சரியாக விழுந்ததா என்பதை வாங்கியவன்தான் சொல்ல வேண்டும். தொடையில் பட்டால் மண்டியிட்டுச் சண்டை, தலையில் பட்டால் தானாகவே செத்து விழ வேண்டும். அதனால் ஒரு குழுவைப் பார்க்கப் போனால் அவர்கள் அடிப்பதைப் பார்க்காதே, அடி வாங்குவதைப் பார். நங்கென்று தலைக்கவசம் அதிர்ந்த பிறகும் "லேசாகத்தான் பட்டது" என்கிறவர்கள் இருக்கும் இடத்தில் ஒரு நாள்கூட நிற்காதே.

நான் முதலில் சேர்ந்த குழுவில் கொடி அழகு, சட்டை அழகு. என் உடம்பைப் பார்த்ததும் கேடயச் சுவரில் முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். இடது கையில் கேடயம் இருப்பதால் நம் வலப்பக்கம் திறந்துதான் கிடக்கும். அதை மூடுவது பக்கத்தில் நிற்பவன் கேடயம். என் பக்கத்து ஆள் எதிரணியில் பெயர் பெற்ற ஒருவரைக் கண்டதும் என்னை விட்டுவிட்டு ஓடினான். அடுத்த மூச்சில் என் விலாவில் ஈட்டி. செத்தவனாகப் புல்லில் படுத்தபடி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் அவனுக்குத்தான் கைதட்டல்!

இப்போதுள்ள குழு பென்சிக்கில் கிடைத்தது. எஸ்.சி.ஏ.காரர்கள் 1972 முதல் நடத்தும் விளையாட்டுப் போர் அது. இப்போது பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரம் பேர்வரை கூடாரம் போடுகிறார்கள். தோற்ற ராஜ்யம்தான் (சங்கத்தின் வட்டாரக் கிளைக்கு அந்தப் பெயர்) பிட்ஸ்பர்க் நகரத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே பழைய கேலி. ஆள் குறைந்த ஒரு குழுவில் இரவலாக நின்றேன். தலைவி ஒரு பெண்மணி. வரிசைக்குப் போகுமுன் என் தாடைவாரை இழுத்துப் பார்த்து, ஒரு கண்ணி இறுக்கிவிட்டு, "உன் முழங்கை எப்படி இருக்கிறது?" என்றார். கேடயத்தை வாங்கிக்கொண்டு ஈட்டியைக் கொடுத்து இரண்டாம் வரிசைக்கு அனுப்பினார். எட்டு வருஷமாகத் தேடிய இடம் அதுதான் என்று குத்த ஆரம்பித்ததும் தெரிந்தது.

எந்தக் குழுவின் வண்ணச் சட்டையையும் உடனே போட்டுக்கொள்ளாதே. இரண்டு மூன்று குழுக்களோடு பயிற்சிக்குப் போ. பெரும்பாலும் இரவல் கவசம் கொடுப்பார்கள். பெரிய சண்டையில் இறங்க எப்படியும் தகுதிச் சோதனை உண்டு, அதுவரை நேரம் இருக்கிறது. பயிற்சி முடிந்து கவசம் கழற்றும் அரைமணி நேரம் மட்டும் கூடவே இரு. அங்கேதான் யார் யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியும்.

என் பழைய தலைக்கவசத்தை அனுப்புகிறேன். உன் தலைக்குப் பெரிது, உள்ளே ஃபோம் ஒட்டிக்கொள். நெற்றியில் இருக்கும் பள்ளம் அந்த ஈட்டிக்காரன் போட்டதல்ல, காரிலிருந்து நானே கீழே போட்டது.

உன்,
முரளி