பெயர் போடாமல் ஒரு நன்றி

யார் பெயரையும் போடாமல்தான் இதை எழுதுகிறேன், என் பெயரும் கிடையாது. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற அமைப்பு) கூட்டத்து வழக்கம் அது. ஆனாலும் சம்பந்தப்பட்டவர்கள் படித்தால் "ஏல, நம்மளத்தான் சொல்லுதான்" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு முக்கூடல் பக்கம். மோட்டார் காயில் கட்டுகிற வேலை. காலையில் எழுந்தால் கை நடுங்கும், செம்புக் கம்பி ஸ்லாட்டுக்குள் இறங்காது, பகல் 12 மணிக்குக் கடை திறந்து ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிற்கும், அப்புறம்தான் வேலை. இதைப் போய் நான் நோய் என்று நினைக்கவே இல்லை. ஏனென்றால் வருசா வருசம் ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருந்திருக்கிறேன். நினைத்தால் நிறுத்திவிடுவேன் என்று பெருமை வேறு. மாலையைக் கழற்றிய அன்றைக்கே எங்கே போய் நின்றேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

நடுவில் வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்து ஒரு தனியார் மையத்தில் சேர்த்தார்கள். ஒரு மாதம் பூட்டி வைத்தார்கள், வெளியே வந்து பஸ் ஏறுமுன் குடித்தேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

முதல் நன்றி, அந்த போனை எடுத்தவருக்கு. என் மைனி மகன்தான் ஏ.ஏ. நம்பர் தேடிக் கொடுத்தான் (அவனுக்கும் நன்றி, பரீட்சை நேரத்தில் சித்தப்பாவுக்காக உட்கார்ந்து தேடினான்). பேசியவர் புத்தி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அண்ணாச்சி, இன்னைக்குக் குடிச்சிருக்கியளா? சரி, பரவால்ல. நானும் உங்கள மாரிதான்." நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று நான் வீராப்பாகச் சொன்னதும் பதறிவிட்டார். பல வருசம் விடாமல் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே கூட ஆபத்து, முதலில் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், கூட்டம் எங்கேயும் ஓடிவிடாது என்றார். போனேன். மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டு, ராத்திரி முழுக்க வந்து வந்து பார்த்த நர்ஸம்மாவுக்கு, நான் கத்தியதையெல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டீக்கடை அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் கூட்டம் நடக்கிற தெருவுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு, எதிர்த்த கடையில் இரண்டு டீ குடித்து, உள்ளே போகாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். டீக்குக் காசு கொடுத்தேனா என்றுகூட ஞாபகமில்லை. தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்ற பயம். டாஸ்மாக் வாசலில் பட்டப்பகலில் நிற்கும்போது வராத பயம், பாருங்கள். அடுத்த வாரமும் அங்கேயே நின்றேன். அவர் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, "அந்தா செருப்பு கெடக்கு பாத்தியளா, அந்தப் படிதான், வாங்க" என்று கூடவே நடந்து வந்தார். வாசல் வரைக்கும்தான். பத்தடி இருக்கும்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஃபேன், பதினோரு பேர். என் முகவரியை யாரும் கேட்கவில்லை. கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தணும் என்ற ஆசை ஒன்று இருந்தால் போதும் என்றார்கள். கடைசியில் இஷ்டப்பட்டவர்கள் காசு போட ஒரு பை சுற்றி வந்தது, என்னிடம் வந்தபோது "புதுசா வந்தவங்க போடாண்டாம்" என்று தள்ளிவிட்டார் பக்கத்தில் இருந்தவர். ஒவ்வொருவரும் தன் கதையைச் சொன்னார்கள், அடுத்தவனுக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஒரு பெரியவர் சொன்னார்: இது 1935-இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு ஆபரேஷன் டாக்டரும் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்ததாம். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்தது ஒரு ஆபரேஷனுக்குப் போகுமுன், கை நடுக்கம் நிற்பதற்காகவாம். நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். டாக்டருக்கே அப்படி என்றால் காயில் கட்டுகிறவன் எம்மாத்திரம்.

மூன்றாவது கூட்டத்தில்தான் வாய் திறந்தேன். மாலை போட்ட கதையைச் சொன்னதும் அந்தப் பெரியவர் சிரித்துவிட்டார். "நானும் ஆறு வருசம் போட்டேம்லா!"

ஐந்து மாதம் நன்றாகப் போனது, அப்புறம் ஒரு துக்க வீட்டில் சறுக்கினேன். அன்று ராத்திரி பைக்கில் வந்து என் திண்ணையில் விடியும் வரை உட்கார்ந்திருந்தவரே, நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் திரும்ப வந்திருக்க மாட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம், இப்போது ஒரு வருசமும் இரண்டு மாதமும்.

என் வீட்டுக்காரிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருசம் பீடி சுற்றிக் குடும்பத்தை ஓட்டினாள், அந்தச் சம்பளத்திலும் நான் திருடியிருக்கிறேன். குடும்பத்தினரும் வரலாம் என்ற திறந்த கூட்டத்துக்கு ஒருதரம் கூட்டிப்போனேன். கடைசி வரை பேசவில்லை. பஸ்ஸில் சேரன்மகாதேவி தாண்டிய பிறகு, "இம்புட்டுப் பேரு இருக்காவளா" என்றாள். அப்புறம் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

டீக்கடை அண்ணாச்சி, வாற ஞாயிற்றுக்கிழமை வாரேன். அந்த இரண்டு டீக்கும் காசு வாங்கிக்கிடணும்.