சென்னையின் ஓட்டு சதவீதம்: சோம்பேறிகள் என்று சொல்வதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்தல்தோறும் வரும் அதே பேச்சு உங்கள் இதழிலும் வந்திருந்தது. தருமபுரிக்காரர் வெயிலில் நின்று ஓட்டுப் போடுகிறார், படித்த சென்னைக்காரர் வீட்டில் படுத்திருக்கிறார் என்று. 2024 மக்களவைத் தேர்தல் கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தருமபுரியில் 81.20 சதவீதம், மத்திய சென்னையில் 53.96. ஆனால், ஆசிரியை வேலையில் இருந்தவரை பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவள் நான். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

சாவடியில் முதல் மேசையில் இருப்பவர் வாக்காளர் பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும். வந்தவர் ஆண் என்றால் பட்டியலில் ஒரு கோடு. பெண் என்றால் கோட்டோடு வரிசை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். மாலையில் கூட்டம் குறைந்த பிறகு, கோடு விழாத பெயர்களைப் புரட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒருமுறை ஒரே கதவு எண்ணில் பதினொரு பெயர்கள், ஒன்றில்கூடக் கோடு இல்லை. பக்கத்தில் இருந்த பூத் ஏஜெண்ட் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஸ்டோர் வீட்டை இடிச்சு அப்பார்ட்மென்ட் கட்டி நாலு வருஷம் ஆச்சு டீச்சர்" என்றார். பல குடும்பங்கள் ஒட்டிக் குடியிருந்த வீடு அது. அந்தப் பதினொரு பேரும் அன்றைய கணக்கில் ஓட்டுப் போடாத சென்னைக்காரர்கள்தான்.

2025 டிசம்பரில், வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வெளியான வரைவுப் பட்டியலில், சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. முன்பு இருந்ததோ சுமார் 40 லட்சம். நீக்கப்பட்டவர்களில் இங்கேயே குடியிருப்பவர்களும் உண்டு, அது தனி வேதனை. ஆனால் இறந்தவர்களையும் இடம் மாறியவர்களையும் சேர்த்து வகுத்துத்தான் இத்தனை வருடமும் இந்த ஊரைத் திட்டியிருக்கிறோம்.

வாடகை வீடுகள் நிறைந்த தெருவில் 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் ஆள் மாறிவிடுகிறார். ஒப்பந்தத்தின் நகலைக் கையில் கொடுக்கவே தயங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அப்புறம் எந்த முகவரிச் சான்றை வைத்துப் பெயர் சேர்ப்பது? சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் ஓட்டுக்கு முந்தின இரவே கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்கள் ஓட்டுப் போடாதவர்கள் இல்லை. இங்கே போடாதவர்கள், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் வலிப்பது ஆற்றங்கரைக் குடும்பங்களின் கதை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவும் அப்படிப் போனவர். அடுத்த தேர்தலில் இரண்டு பஸ் மாறிப் பழைய சாவடிக்கே வந்தார். ஓட்டுப் போட்டுவிட்டு எங்கள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபோது, "அங்க பேரு எழுதிக் குடுத்தேம்மா, இன்னும் வரல" என்றார். அன்றைய கூலியும் போயிற்று. இவரைப் போன்றவர்களைத்தான் காசுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

இந்தப் பகுதி இந்தக் கட்சியின் கோட்டை என்று எழுதுவதும் அப்படித்தான். உழைக்கும் மக்கள் நிறைந்த ஆர்.கே. நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் அ.தி.மு.க.வின் ஜெயலலிதா, 2017 இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன், 2021-ல் தி.மு.க. ஐந்தே வருடத்தில் மூன்று திசை! அந்த இடைத்தேர்தலில் வாக்குப்பதிவு 77 சதவீதத்தைத் தாண்டியது. பணம் புழங்கியது என்பதை மறைக்கவில்லை. அதற்காகத்தான் முதலில் அறிவித்த தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆனால் அந்த வாரங்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் தெருத்தெருவாக வந்து, ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார்களே, அதையும் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடிகளில் அது நடப்பதில்லை. பி.எல்.ஓ.வாக, அதாவது வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலராக, போன என் தோழியை ஒரு பெரிய வளாகத்தின் கேட்டிலேயே நிறுத்தி, "அசோசியேஷன்ல கேட்டுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை போயும் ஒரு கதவைக்கூட அவரால் தட்ட முடியவில்லை. கட்சிக்காரர்களும் கேட்டைத் தாண்ட முடியாது. இங்கே கேட்டு என்ன பயன் என்று நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவர்களும் நம்மை யார் கேட்டார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். தி.நகரில் 2021-ல் வெற்றி வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. ஒரே ஒரு வளாகம் அதை மாற்றியிருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். தொகுதி சராசரியை மட்டும் போடாதீர்கள். தென்சென்னைத் தொகுதிக்குள்தான் மயிலாப்பூரும் இருக்கிறது, இடம்பெயர்த்தவர்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரும் இருக்கிறது, ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளும் இருக்கின்றன. சாவடிவாரியாக எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20-ல் கிடைக்கிறது. உங்கள் நிருபர் அதோடு வாக்காளர் பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு நாலு தெரு நடக்கட்டும். பட்டியலில் பெயர் இருந்தும் அந்த முகவரியில் இல்லாதவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து எழுதட்டும். சைதாப்பேட்டையில் தொடங்குவதாக இருந்தால் நானே கூட வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
சைதாப்பேட்டை, சென்னை.