படகு டிவிக்கு ஆன்டெனாவா, டிஷ்ஷா? வழிகாட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கால்வாய் நண்பர்களுக்கும், கரையிலிருந்து கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் எனப்படும் அகலம் குறைந்த படகுகளில் குடியிருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. டிவிக்கு ஆன்டெனா வைப்பதா, டிஷ் வைப்பதா என்று கேட்டபோது நீங்கள் பதிலோடு காரணத்தையும் சொல்லிக் கொடுத்தீர்கள். வெறும் நன்றியோடு நிறுத்த மனம் வரவில்லை. கற்றுக் கொடுத்ததையே எழுதி வைத்தால், அடுத்துப் படகு வாங்குகிற தமிழருக்கும் அது உதவும்.

முதல் நன்றி, எங்கள் கேள்விக்கு முன்னால் உங்கள் கேள்வியை வைத்த பக்கத்துப் படகுக்காரர்களுக்கு. "உங்கள் படகு எங்கே நிற்கும்?" என்றீர்கள். எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது. சொந்தக் கட்டுதுறை இல்லாமல் கால்வாய்களை நிர்வகிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் உரிமத்தோடு ஊர் ஊராகப் போகிறவர்கள், பொதுவாக ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்க முடியாது. இடம் மாறும்போதெல்லாம் மரம், மலை, டவர் எல்லாம் மாறும். நகர்கிற படகுக்கு முதலில் ஆன்டெனா, வசதி இருந்தால் கூடவே ஒரு டிஷ். மெரினா எனப்படும் படகுத்துறையில் நிலையாக நிற்கிற படகுக்குத் தென்கிழக்கு வானம் திறந்திருந்தால் டிஷ் மட்டுமே போதும். இன்று எங்களிடம் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வோம்.

டிஷ் கட்டப் பழக்கியவர்களுக்குத் தனி நன்றி. டிஷ் வழியாக இலவசமாக வரும் ஃப்ரீசாட் சேனல்கள் கிழக்குத் தீர்க்கரேகை 28.2 டிகிரியில் நிற்கும் அஸ்ட்ரா துணைக்கோள்களிலிருந்து வருகின்றன. லண்டனில் அந்தத் திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 145 டிகிரி, ஏற்றம், அதாவது அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம், சுமார் 25 டிகிரி. பர்மிங்காமில் 144, 24. மான்செஸ்டரில் 144, 23. நாட்டின் பெரும்பகுதிக் கால்வாய்களில் இந்த எண்கள் அதிகம் மாறுவதில்லை. திசைகாட்டியைப் படகின் மேல் நின்று பார்க்கக் கூடாது. இரும்பு உடல் முள்ளை இழுத்துவிடும். போனில் இருக்கும் திசைகாட்டியும் அப்படியே ஏமாறும். கரையில் இறங்கி, படகை விட்டுச் சில மீட்டர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதைவிட எளிய வழி, பக்கத்து வீட்டுச் சுவர்களில் இருக்கும் டிஷ்களைப் பார்ப்பது. பெரும்பாலும் எல்லாமே 28.2-ஐத்தான் நோக்கியிருக்கும்.

படகைக் கட்டும் ஆணியைக் கரையில் அடிப்பதற்கு முன்பே மரத்தைப் பார்க்கச் சொன்னீர்களே, அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 24 டிகிரி ஏற்றத்தில், டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் மரம் குறைந்தது 23 மீட்டர் தள்ளி இருந்தால்தான் சிக்னல் அதன் தலைக்கு மேலாக வரும். குளிர்காலத்தில் மொட்டைக் கிளைகள் வழியாக ஓரளவு கிடைக்கிற படம், இலை துளிர்த்ததும் போய்விடும். மழையில் நனைந்த இலை இன்னும் மோசம். சிக்னல் வாங்கும் தலை நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் ஆஃப்செட் டிஷ் பார்வைக்குச் செங்குத்தாக நிற்பதால், அது எதிரே இருக்கும் வேலியைப் பார்க்கிறது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது இருபது டிகிரிக்கு மேல் அண்ணாந்துதான் பார்க்கிறது.

திருப்பும் முறையையும் பொறுமையாகக் காட்டினீர்கள். முக்காலியின் கம்பம் நேர்செங்குத்தாக இருக்கிறதா என்று மட்டப்பலகையால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தை டிஷ்ஷின் பின்னால் உள்ள அளவுகோலில் வைத்துவிட்டு, தெற்கிலிருந்து கிழக்காக மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு நூல் திருப்பி, ரிசீவர் கண்டுபிடிக்க இரண்டு மூன்று விநாடி விட்டு, அடுத்த நூல். மலிவான மீட்டர் எந்தத் துணைக்கோளைக் கண்டாலும் கூவும். கிழக்கு 13, 19.2 ஆகிய இடங்களில் இருப்பவையும் பலமானவை, அவற்றில் நின்றுவிட்டால் ஊசி முழுதாக ஏறும், சேனல் ஒன்றும் வராது. அதனால் ரிசீவரின் சிக்னல் திரையில் தரம் என்ற பட்டையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும், பலம் என்ற பட்டையை நம்பக் கூடாது. கடைசியாக, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் தலையான எல்.என்.பி.யைச் சற்றே சுழற்றித் தரத்தை உச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்.என்.பி. 'யுனிவர்சல்' வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். ஸ்கை கியூ என்ற கட்டணச் சேவைக்கான அகலப்பட்டை எல்.என்.பி. சாதாரண ஃப்ரீசாட் ரிசீவரில் வேலை செய்யாது.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமே ஏறக்குறைய 3 டிகிரிதான். கூரை மேல் வைத்தால், பக்கத்தில் ஒரு படகு கடக்கும்போது நம் படகு கயிற்றில் முன்னும் பின்னும் ஆடிப் படம் உறையும். முன், பின் கயிறுகளோடு குறுக்குக் கயிறுகளும் கட்டினால் ஆட்டம் பெரிதும் குறையும். முக்காலியைக் கரையில் வைத்தால் ஆட்டமே இல்லை, ஆனால் நடைபாதையை விட்டு விலகிப் புல்லில் வைத்து, கேபிள் யார் காலிலும் சிக்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

இனி ஆன்டெனா. ஏணியும் கையுமாக வந்த ஆன்டெனா தொழிலாளர் ஐயாவுக்கு எங்கள் வணக்கம். ஆன்டெனா வழியாக இலவசமாக வரும் ஃப்ரீவியூ சேவை இப்போது 21 முதல் 48 வரையிலான யு.எச்.எஃப். அலைவரிசைகளில், அதாவது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் வருகிறது. இந்த அகலம் முழுவதும் ஒரே சீராக வாங்குவது லாக் பீரியாடிக் ஆன்டெனா. இலேசானது, பார்வை அகலம் தாராளம், சில டிகிரி பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். வட்டத் தட்டு போன்ற எல்லாத்திசை ஆன்டெனாவைத் திருப்பவே வேண்டாம் என்று விற்கிறார்கள். அது சிக்னலைக் குறைவாக வாங்கும், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளையும் வேறு டவர்களையும் சேர்த்து வாங்கும். எங்கள் பரிந்துரையில் அதற்கு இடமில்லை.

ஐயா சொல்லிக் கொடுத்ததில் பொன் போன்றது, ஆன்டெனாவைப் படுக்க வைப்பதா, நிறுத்தி வைப்பதா என்பது. கிரிஸ்டல் பேலஸ், சட்டன் கோல்ட்ஃபீல்டு, எம்லி மூர் போன்ற பெரிய டவர்களுக்கு ஆன்டெனாவின் கம்பிகள் கிடையாக இருக்க வேண்டும். வட இங்கிலாந்தின் பென்னைன் மலைப் பள்ளத்தாக்குகளில் இருப்பவை போன்ற, பெரிய டவரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சிறு ரிலே டவர்களுக்குப் பெரும்பாலும் செங்குத்து. மாற்றி வைத்தால் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கிவிடும். ஊரில் வீட்டுக் கூரைகளைப் பார்த்தால் திசையும் கிடை செங்குத்தும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ரிலே டவர்கள் பலவற்றில் பி.பி.சி., ஐ.டி.வி., சேனல் 4 போன்ற பொதுச்சேவைத் தொகுப்புகள் மட்டுமே வரும் என்பதால், பெரிய டவர் எட்டுமானால் அதையே முதலில் முயல்வது நல்லது.

கம்பத்தை இரும்புக் கூரைக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டராவது உயர்த்த வேண்டும்; கூரையை ஒட்டி வைத்தால் உலோகம் கிடை அலையைக் கெடுக்கும். கம்பத்தை ஏற்றும் முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது உயிர் காக்கும் வேலை. படகை அவிழ்க்கும் முன் கம்பத்தை இறக்குவதும் பழக்கமாக வேண்டும், அடுத்த பாலம் தாழ்வாக இருக்கும். சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டால் கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்கு அருகில் இருக்க வேண்டும். டவருக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள், மிகைச் சிக்னலும் படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும்.

புது ஊரில் ஆன்டெனா டிவியை மறுபடி டியூன் செய்ய வேண்டும். இரண்டு டவர்கள் கலந்து வந்தால் ஒரே சேனல் 800-க்கு மேற்பட்ட எண்களிலும் போய் உட்காரும். தெளிவான படம் அங்கே இருக்கலாம். டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேபிளைச் செய்து தந்தவர்களே, செம்புத் தகடும் செம்புப் பின்னலும் உள்ள 75 ஓம் கேபிள், திருகும் எஃப் கனெக்டர், தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், படகுக்குள் நுழையும் இடத்துக்கு முன் நீர் சொட்டக் கீழே ஒரு வளைவு: இந்த நான்கையும் விட்டவர்கள் கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து அவதிப்படுகிறார்கள். எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் இதே கேபிளில்தான் போகிறது. கழற்றி மாட்டும் முன் ரிசீவரை அணைக்காவிட்டால், பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலே ஷார்ட் ஆகும்.

மின்சாரக் கணக்குப் போட்டுக் கொடுத்த சகோதரிக்கும் நன்றி. 30 வாட் டிவி 12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் எடுக்கும், நான்கு மணி நேரத்துக்கு 10 ஆம்பியர்-மணி. பேட்டரி படகின் பின்முனையில், டிவி முன்முனையில் என்றால் போகவர 30 மீட்டர் கம்பி. 2.5 சதுர மி.மீ. கம்பியில் அரை வோல்ட் வீணாகும், 6 சதுர மி.மீ. போட்டால் அது பாதிக்கும் கீழே இறங்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4 வோல்ட் வரை போகும் என்பதால், அதைத் தாங்கும் என்று எழுதாத டிவிக்கு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் கட்டாயம். எல்லாம் சரியாக இருந்தும் சில சேனல்கள் மட்டும் உடைந்தால், மலிவான எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சோலார் கன்ட்ரோலர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். சிக்னலைக் குலைக்கும் மின் இரைச்சலை எழுப்புவது பெரும்பாலும் அவற்றில் ஒன்றுதான்.

மொபைல் இணையம் வலுவான இடங்களில் அதிலேயே டிவி பார்க்கலாம், டேட்டா கணக்கு மட்டும் கவனம். எந்த வழியில் பார்த்தாலும், படகே வீடாக இருப்பவர்கள் நேரலை நிகழ்ச்சிகளுக்கு டிவி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

எங்களிடம் இப்போது சாட்டிலைட் மீட்டர், மட்டப்பலகை, கனெக்டர் போடும் கருவி எல்லாம் இருக்கின்றன. தமிழ்ப் பேச்சு கேட்கிற படகைக் கண்டால் தயங்காமல் கதவைத் தட்டி வாங்கிக்கொள்ளுங்கள். டிஷ் திருப்ப ஓர் ஆளும் கூட வருவோம்.

நன்றியுடன்,
கால்வாய்ப் படகுகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள்